சுதந்திரச் சிந்தனையின் அரிய நூல்கள்: தேடி, சோதித்து, சேகரித்து, காட்சிக்கு வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனிடமிருந்து அமெரிக்கா விடுதலை பெற வேண்டும் என்று வாதிட்ட தாமஸ் பெயினின் துண்டுப்பிரசுரம் 'காமன் சென்ஸ்' 1776 ஜனவரி 10 அன்று ஃபிலடெல்ஃபியாவில் வெளியானது. அதே ஆண்டு லண்டனில் ஜான் ஆல்மன் என்ற பதிப்பாளர் அதை மறுபடி அச்சிட்டார். அரசரையும் அமைச்சர்களையும் நேரடியாகத் தாக்கும் சொற்களை அப்படியே போட்டால் வழக்கு நிச்சயம். அதனால் அந்த இடங்களை மட்டும் வெற்றிடமாக விட்டார். வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று வெறும் தாள், பிறகு வாக்கியம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்று கிடைக்கும் சில பிரதிகளில் அந்தக் காலத்து வாசகர் ஒருவர் அந்த வெற்றிடங்களை மையால் நிரப்பியிருக்கிறார். வெட்டுப்படாத பாடத்தை எங்கோ தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, விடுபட்ட சொற்களைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சுதந்திர நூல்களில் எதைச் சேகரிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பிரதிகளைப் பற்றித்தான். அச்சிட்டவர் எடுத்த ஆபத்தும் வாசித்தவர் விட்ட தடமும் எந்தப் பிரதியில் தெரிகிறதோ, அதுவே தேட வேண்டிய பிரதி. 'முதல் பதிப்பு, முதல் அச்சு' என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஓடினால் பணம் கரையும், அலமாரியில் பெரிய பெயர்கள் வரிசையாக நிற்கும், ஆனால் அந்தக் காலத்தின் சண்டை அதில் கேட்காது. சுதந்திரம் பற்றிய சிந்தனை அப்போது ஒரு சண்டையாகத்தான் நடந்தது. ஒருவர் எழுதினார், இன்னொருவர் மறுத்தார், மூன்றாமவர் சிறைக்குப் போனார். அந்த வரிசையைச் சேகரிப்பது எப்படி, பிறகு அதை மற்றவர்கள் பார்க்கும்படி வைப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு சண்டையைத் தேர்ந்தெடுங்கள்

'சுதந்திரம்' என்பது எல்லையில்லாத தலைப்பு. 1689இல் வெளிவந்த லாக்கின் 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' தொடங்கி (தலைப்புப் பக்கத்தில் 1690 என்றிருக்கும், ஆசிரியர் பெயர் இருக்காது), 1748இல் மாண்டெஸ்கியூ, 1762இல் ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்', 1764இல் பெக்காரியா, 1788இல் 'ஃபெடரலிஸ்ட்' என்று போய்க்கொண்டே இருக்கலாம். இவை எல்லாவற்றையும் மூலப் பதிப்பில் வாங்க நினைப்பது சாதாரண வருமானக்காரருக்கு ஆகாத காரியம். தேவையும் இல்லை.

ஒரே ஒரு விவாதத்தை எடுங்கள். தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது 1790 முதல் 1792 வரை லண்டனில் நடந்த விவாதம். 1790 நவம்பர் 1 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 'ரிஃப்ளெக்‌ஷன்ஸ்' நூலை வெளியிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெயர் போடாமல் ஒரு மறுப்பை எழுதி வெளியிட்டார். இரண்டாம் பதிப்பில்தான் அவர் பெயர் வந்தது. 1791 பிப்ரவரியில், பர்க்குக்கு மறுப்பாகப் பெயின் எழுதிய 'ரைட்ஸ் ஆஃப் மேன்' (மனித உரிமைகள்) முதல் பாகத்தை ஜோசப் ஜான்சன் அச்சிட்டு முடித்து, வெளியாக வேண்டிய நேரத்தில் பின்வாங்கினார். மார்ச்சில் ஜே. எஸ். ஜோர்டன் என்ற ஃப்ளீட் தெரு பதிப்பாளர் அதைத் தன் பெயரில் வெளியிட்டார். ஜான்சனின் பெயர் தாங்கிய பிரதிகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தப்பின. 1792இல் வுல்ஸ்டன்கிராஃப்ட்டின் 'பெண்ணுரிமை' நூல் வந்தது, அதை வெளியிட்டவர் அதே ஜான்சன். அந்த ஆண்டு மே 21 அன்று தேசத்துரோக எழுத்துகளுக்கு எதிராக அரசப் பிரகடனம் வந்தது. டிசம்பர் 18 அன்று, பெயின் பிரான்சில் இருக்கும்போதே, லண்டனில் அவர்மீது விசாரணை நடந்து குற்றவாளி என்று தீர்ப்பானது. அரசுத் தரப்பு பதில் சொல்லக்கூட ஜூரிகள் காத்திருக்கவில்லை.

இந்த இரண்டு ஆண்டுக்குள் பர்க்குக்கு மறுப்பாகவும் ஆதரவாகவும் எத்தனையோ துண்டுப்பிரசுரங்கள் வந்தன. அவற்றில் பலவற்றின் ஆசிரியர்களை இன்று யாருக்கும் நினைவில்லை. விலையும் அதற்கேற்பக் குறைவு. அவைதான் சேகரிப்பின் உடம்பு. பர்க்கும் பெயினும் முகம் மட்டுமே.

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு 1788-89 இன்னொரு வளமான வயல். 1789 ஜனவரியில் சியேஸ் பாதிரியார் வெளியிட்ட 'மூன்றாம் வகுப்பினர் என்றால் யார்?' (பாதிரியாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களே மூன்றாம் வகுப்பினர்) தொடங்கி அந்த ஆண்டு பாரிசில் கொட்டிய பிரசுரங்களுக்கு அளவே இல்லை. சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் மட்டும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பிரசுரங்கள் 30,000க்கு மேல் உள்ளன.

எந்தச் சண்டையை எடுத்தாலும் ஒரு கேள்வியை முதல் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சுதந்திரத்திலிருந்து யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள், அவர்கள் என்ன அச்சிட்டார்கள்? 1773இல் லண்டனில் வெளியான ஃபிலிஸ் வீட்லியின் கவிதை நூலின் முன்பக்கத்தில், அடிமையாக விற்கப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்தான் இவற்றை எழுதினார் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் சான்றளித்துப் பெயர் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஜான் ஹான்காக், மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்திட்டவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒலாடா எக்வியானோ தன் வாழ்க்கை வரலாற்றை 1789இல் தானே வெளியிட்டு, முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை நூலின் முன்னால் சேர்த்தார். பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் ஒலாம்ப் தெ கூஜ் 1791இல் பெண்ணின் உரிமைப் பிரகடனத்தை அச்சிட்டார், 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டினில் தலை கொடுத்தார். ஹைட்டி 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தது. அந்தப் பிரகடனத்தின் அச்சுப் பிரதி ஒன்றுகூட இல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2010இல் ஜூலியா காஃபீல்ட் என்ற ஆய்வு மாணவி, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஜமைக்கா ஆளுநரின் கடிதக் கட்டுகளுக்குள் 8 பக்கப் பிரசுரமாக அதைக் கண்டெடுத்தார். இவர்கள் இல்லாத சுதந்திரச் சேகரிப்பு பொய்யான சேகரிப்பு என்பது என் உறுதியான எண்ணம். மூலம் வாங்க முடியாவிட்டால் 19ஆம் நூற்றாண்டு மறுபதிப்பாவது அலமாரியில் இருக்கட்டும்.

நம் பக்கம் வரும் ஒரு கிளையும் இதற்கு உண்டு. பெயினின் நூல்கள் 1830களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து, இந்துக் கல்லூரி மாணவர்களிடம் பரபரப்பாக விற்றன. 'ரைட்ஸ் ஆஃப் மேன்' படித்து வளர்ந்த ஜோதிராவ் ஃபுலே 1873இல் தன் 'குலாம்கிரி'யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். சென்னை லௌகிக சங்கத்தார் 1880களில் நடத்திய 'தத்துவ விவேசினி' இதழும், மதத்தைக் கேள்வி கேட்கும் சுதந்திரச் சிந்தனை மரபில் வந்ததுதான். இந்தக் கிளையை எடுப்பவருக்குப் போட்டி குறைவு, தேட வேண்டிய இடமும் பக்கத்திலேயே.

படி 2: வாங்கும் முன் பார்த்துப் பழகுங்கள்

முதல் சில மாதங்கள் எதையும் வாங்காதீர்கள். 1800க்கு முன் ஆங்கிலத்தில் அச்சான நூல்களுக்கு 'இங்கிலீஷ் ஷார்ட் டைட்டில் கேட்டலாக்' என்ற பொது அட்டவணை இருக்கிறது. ஒரு நூலின் எந்தப் பதிப்பு, எத்தனை பக்கம், எந்த நூலகங்களில் பிரதி உள்ளது என்பதை அது சொல்லும். அமெரிக்க அச்சுக்குச் சார்லஸ் எவன்ஸ் தொகுத்த நூலடைவு. பிரெஞ்சுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் காலிகா தளம், அதில் ஆயிரக்கணக்கான பிரசுரங்களை இலவசமாகப் புரட்டிப் பார்க்கலாம். 'காமன் சென்ஸ்' பதிப்புகளுக்கென்றே ரிச்சர்ட் கிம்பல் 1956இல் ஒரு தனி நூலடைவு வெளியிட்டார். பர்க்குக்கு வில்லியம் டாட் செய்தது இருக்கிறது. இப்படிப்பட்ட நூலடைவு ஒன்றாவது கையில் இல்லாமல் விலை உயர்ந்த எதையும் தொடக்கூடாது.

திரையில் பார்ப்பது பாதிதான். 18ஆம் நூற்றாண்டுத் தாளை விரலால் தொட்டுப் பழக வேண்டும். பெரிய நூலகங்களின் அரிய நூல் பிரிவில் வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்டால் காட்டுவார்கள். பென்சில் மட்டும்தான் அனுமதி. வெள்ளைக் கையுறை வேண்டியதில்லை. சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கையே தாளுக்குப் பாதுகாப்பு. கையுறை போட்டால் தொடு உணர்வு மங்கி, ஓரம் கிழிந்துவிடும்.

படி 3: பணத்தைப் பற்றித் தெளிவாக இருங்கள்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை 1776 ஜூலை 4 இரவு ஜான் டன்லப் அச்சிட்டார். அந்த ஒற்றைத் தாளில் இன்று 26 பிரதிகள் இருப்பதாக அறியப்படுகிறது. அவற்றில் ஒன்று, பென்சில்வேனியாவின் பழைய சாமான் சந்தையில் 4 டாலருக்கு வாங்கிய ஒரு படத்தின் சட்டத்துக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருந்தது. 1991இல் 24 லட்சம் டாலருக்கும், 2000இல் 81 லட்சம் டாலருக்கும் அது கைமாறியது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் அச்சுப் பிரதி ஒன்று 2021 நவம்பரில் 4 கோடியே 32 லட்சம் டாலருக்குப் போனது. இந்த உயரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

நம்மால் தொடக்கூடிய இடங்கள் நிறைய உண்டு. பெயினின் நூல்களை ஏழைகள் வாங்கும்படி மலிவு விலையில் அச்சிட்ட பதிப்புகள். அரசாங்க ஆதரவாளர்கள் எழுதிய மறுப்புப் பிரசுரங்கள். வழக்கு விசாரணை அறிக்கைகள். 1793 முதல் 1795 வரை தாமஸ் ஸ்பென்ஸ் வெளியிட்ட மலிவு இதழின் உதிரித் தாள்கள், அவர் வெளியிட்ட அரசியல் வாசகம் பொறித்த செப்பு வில்லைகள். 1810-20களில் ரிச்சர்ட் கார்லைல் செய்த மறுபதிப்புகள்.

கார்லைலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிறிஸ்தவ மதத்தை விமர்சித்த பெயினின் 'ஏஜ் ஆஃப் ரீசன்' நூலை வெளியிட்டதற்காக 1819இல் அவர்மீது வழக்கு. நீதிமன்றத்தில் தன் வாதமாக அந்த நூலை முழுவதும் வாசித்தார். தடை செய்யப்பட்ட நூல் இப்போது நீதிமன்ற நடவடிக்கையின் ஒரு பகுதி ஆகிவிட்டது, விசாரணை அறிக்கை என்ற பெயரில் அதைச் சட்டப்படி அச்சிடலாம் அல்லவா! அச்சிட்டு மலிவாக விற்றார்கள். அவர் டார்செஸ்டர் சிறையில் ஆறு ஆண்டுகள் இருந்தார். மனைவி ஜேன் கடையை நடத்தினார், அவரும் சிறைக்குப் போனார். சகோதரி மேரி ஆன் வந்தார், அவரும் போனார். பிறகு கடை ஊழியர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். விற்றவர் யார் என்று சாட்சி சொல்ல முடியாதபடி, திரைக்குப் பின்னால் இருந்து புத்தகம் மட்டும் வெளியே வரும் பொறி ஒன்றைக் கடையில் வைத்தார்கள். அந்தக் கடையிலிருந்து போன ஒரு சாதாரண, ஓரம் நைந்த பிரதியின் மதிப்பை விலைப் பட்டியல் சொல்லாது.

ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கி, அதில் ஒரு பங்கைப் பெட்டிக்கும் பராமரிப்புக்கும் தனியே எடுத்து வையுங்கள். ஏலத்தில் வாங்கினால் முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கம் எல்லாம் சேரும். இவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே உச்ச விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

படி 4: பிரதியைச் சோதியுங்கள்

எல்லாவற்றிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

முதலில் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்க எண்ணை மட்டும் நம்பாதீர்கள், அக்கால அச்சகங்களில் எண் பிழை சகஜம். பாரம் பாரமாக, அதாவது ஒரு பெரிய தாளை மடித்ததால் உண்டான பக்கத் தொகுதி ஒவ்வொன்றாக, சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்தின் அடியிலும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். 23 எழுத்துகளே பயன்பட்டன. ஜே, டபிள்யூ, அத்துடன் யு, வி இரண்டில் ஒன்று இருக்காது. ஐ-க்குப் பிறகு கே வந்தால் ஒரு பாரம் காணாமல் போனதாக நினைத்துப் பதற வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல் தனியாக அச்சாகியிருக்கும். அந்தச் சொல்லும் மறுபக்கத் தொடக்கமும் பொருந்தவில்லை என்றால் அங்கே நின்று பாருங்கள். சிறு எண்கள் சில பக்கங்களின் அடியில் இருந்தால் அவை அச்சகத்தின் கணக்குக் குறிகள். ஒரே ஆண்டில் திரும்பத் திரும்ப அச்சான பர்க் நூல் போன்றவற்றில் எந்த அச்சு என்று கண்டுபிடிக்க அவை உதவும்.

இரண்டாவது, தாள். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கந்தல் துணியில் செய்த அக்காலத் தாளில் ஏறக்குறைய ஒரு அங்குல இடைவெளியில் கோடுகள் தெரியும். எட்டாக மடித்த நூலில் அவை செங்குத்தாகவும், நான்காக மடித்த நூலில் கிடைமட்டமாகவும் ஓடும். நூல் முழுக்கச் செங்குத்தாக இருந்து ஒரு தாளில் மட்டும் கிடைமட்டமாக இருந்தால், அந்தத் தாள் வேறெங்கிருந்தோ வந்தது. கோடே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பிற்காலத்து நகலாக இருக்கலாம். பழுப்பாகி உதிர்வதுதான் பழமையின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். கந்தல் தாள் 250 ஆண்டு கழித்தும் வெள்ளையாக, மொரமொரப்பாக நிற்கும். உதிர்வது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்குப் பிறகு வந்த மரக்கூழ்த் தாள்.

மூன்றாவது, ஓட்டைகள். துண்டுப்பிரசுரங்கள் அட்டை போடாமல், உள் ஓரத்தில் இரண்டு மூன்று துளை போட்டு நூலால் தைத்து விற்கப்பட்டன. அந்தத் துளைகள் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பூச்சி துளைத்த வழியும் அப்படியே, தாளுக்குத் தாள் தொடர்ந்து போக வேண்டும். முன்னும் பின்னும் துளை இருந்து நடுவில் ஒரு தாள் மட்டும் பழுதில்லாமல் இருந்தால், அது வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தது. இப்படிச் சேர்ப்பது சில விற்பனையாளர்களின் பழைய பழக்கம். சொல்லிவிட்டு விற்றால் தவறில்லை, மறைத்து விற்றால் மோசடி.

'காமன் சென்ஸ்' விஷயத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். முதலில் அச்சிட்ட ராபர்ட் பெல்லோடு பெயினுக்குப் பணத் தகராறு வந்தது. பெயின் விரிவாக்கிய பதிப்பைப் பிராட்ஃபோர்டு அச்சகத்தாரிடம் கொடுத்தார். பெல் சும்மா இருக்கவில்லை. பெயினைக் கேட்காமலே தானும் மறுபடி அச்சிட்டு, வேறு எவரோ எழுதியவற்றைப் பின்னிணைப்பாகச் சேர்த்து விற்றார். அதோடு பெயினை மறுத்து வந்த 'பிளெய்ன் ட்ரூத்' பிரசுரத்தை அச்சிட்டவரும் இதே பெல்தான். ஆகவே பதிப்புகள் கலந்து தைக்கப்பட்ட பிரதிகள் உலவுகின்றன. விற்பவர் 'பெல், 1776' என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனையாவது பதிப்பு, எத்தனை பக்கம், நூலடைவில் எந்த எண் என்று கேளுங்கள்.

கடைசியாக, பழைய காகிதத்தோல் போலச் சுருக்கமும் மஞ்சள் நிறமும் கொண்ட விடுதலைப் பிரகடனப் பிரதிகள் அடிக்கடி விற்பனைக்கு வரும். அவை சுற்றுலா நினைவுப் பொருட்கள். வரலாற்று மதிப்புள்ள நகல் வேண்டுமென்றால் 1823இல் வில்லியம் ஸ்டோன் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதையும், அதே தகட்டிலிருந்து பீட்டர் ஃபோர்ஸ் தன் தொகுப்புக்காக மெல்லிய தாளில் எடுத்ததையும் பற்றிப் படியுங்கள்.

படி 5: யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்

நூலக முத்திரை இருந்தால், அது கழிக்கப்பட்டதற்கான முத்திரையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நூலகத்துக்கே எழுதிக் கேட்பது கடமை. பிட்ஸ்பர்க் கார்னகி நூலகத்திலிருந்து 25 ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து அரிய நூல்கள் திருடப்பட்டது 2017இல் நடந்த தணிக்கையில்தான் தெரிந்தது. இழப்பு ஏறக்குறைய 80 லட்சம் டாலர். அவற்றை நல்லெண்ணத்தோடு வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது.

பெயர் எழுதிய பக்கம், சுரண்டி அழித்த இடம், முத்திரையை வெட்டி ஒட்டிய ஒட்டு, எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சர்வதேசப் பழம்புத்தக விற்பனையாளர் கூட்டமைப்பில் உள்ளவரிடம் வாங்கினால், விவரிப்பு தவறென்று நிரூபித்தால் பணம் திரும்பும். ஐரோப்பாவிலிருந்து 100 ஆண்டுக்கு மேற்பட்ட, விலை உயர்ந்த நூலை வெளியே அனுப்ப ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். அதை யார் வாங்கித் தருவது என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள்.

பழைய உரிமையாளரின் பெயர், ஓரக் குறிப்பு, கோபத்தில் போட்ட அடிக்கோடு இவற்றைக் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கும் விற்பனையாளர் கிடைத்தால் உங்களுக்கு யோகம். நம் சேகரிப்புக்கு அவைதான் உயிர்.

படி 6: பதிவேடும் பராமரிப்பும்

வாங்கிய அன்றே எழுதுங்கள்: தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு, பாரக் கணக்கு, என்னென்ன குறை, யாரிடம், எவ்வளவுக்கு, ரசீது எங்கே. தலைப்புப் பக்கம், பழைய பெயர்கள், கிழிசல்கள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். நூலின் மேல் பேனா படக்கூடாது. தேவையென்றால் பின் அட்டையின் உள்பக்கம் மெல்லிய பென்சிலில் எண்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊரில் நூலை வைத்திருப்பவருக்கு முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதல். ஏற்ற இறக்கத்தில் தாளும் தோலும் விரிந்து சுருங்கி விரிசல் விடும். நிலையாக ஓடும் ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றும், ஈரமானி ஒன்றும் போதும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கக்கூடாது. இராமபாணமும் கரையானும் இருட்டையும் ஈரத்தையும் தேடித்தான் வரும், காற்றோட்டம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பூச்சி தெரிந்தால் நூலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரி உறைகலத்தில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். அந்துருண்டை வேண்டாம்.

செல்லோடேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றும் கொலைக்குச் சமம். கிழிந்த பிரசுரத்தை அமிலமற்ற தாளுறையில் போட்டு, அமிலமற்ற அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் கிடைக்கும்வரை காத்திருங்கள். தைத்த நிலையிலேயே வந்த பிரசுரத்துக்குப் புதிதாகத் தோல் பைண்டிங் போட்டு ஓரம் வெட்டிவிடாதீர்கள், வாசகர் கைக்கு அது எப்படிப் போனது என்பதற்கான சாட்சியம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

படி 7: காட்சிக்கு வைப்பது

20 நூல் போதும். கல்லூரி நூலகம், ஊர் நூலகத்தின் ஒரு கூடம், புத்தகத் திருவிழாவின் ஒரு மூலை எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வியை எழுதுங்கள். 'சுதந்திர நூல்கள்' என்பது கேள்வி ஆகாது. 'ஒரு புத்தகத்தை விற்றதற்காக யார் யார் சிறைக்குப் போனார்கள்?' என்பது கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பெட்டிக்குள் வரக்கூடாது.

அந்தக் கேள்வியை வைத்தே ஒரு வரிசை சொல்கிறேன். முதல் பெட்டியில் ஆல்கர்னன் சிட்னி. 1683இல் அவர்மீதான தேசத்துரோக வழக்கில் இரண்டாவது சாட்சி கிடைக்காமல், அவர் வீட்டில் எடுத்த அச்சாகாத கையெழுத்துப் படியையே சாட்சியாக்கி அவர் தலையை வெட்டினார்கள். அது 1698இல் நூலாக வந்தது. அடுத்து வெற்றிடம் விட்ட ஆல்மன் பதிப்பு. அடுத்த பெட்டியில் பர்க்கும் பெயினும் எதிரெதிராக, பக்கத்தில் வுல்ஸ்டன்கிராஃப்ட். பிறகு பெயின் விசாரணை அறிக்கை. 1793இல் பெயினின் நூல்களைப் பரப்பினார் என்பதும் சேர்ந்த குற்றச்சாட்டில் 14 ஆண்டு நாடுகடத்தப்பட்ட ஸ்காட்லாந்து வழக்கறிஞர் தாமஸ் முயரின் விசாரணை. இன்னொரு நூலை விற்றதற்காகப் பின்னாளில் சிறைசென்ற ஜோசப் ஜான்சன். முடிவில் கார்லைல் கடை. வீட்லி, எக்வியானோ, தெ கூஜ் ஆகியோரைத் தனி மூலையில் ஒதுக்காமல், ஆண்டு வரிசைப்படி இந்தப் பெட்டிகளுக்குள்ளேயே வையுங்கள்.

எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்பதில் நிறைய யோசியுங்கள். தலைப்புப் பக்கம் எப்போதும் சரியான பதில் அல்ல. ஆல்மன் பதிப்பில் வெற்றிடம் உள்ள பக்கம். வீட்லியில் சான்றளித்தவர்களின் பெயர்ப் பக்கம். எக்வியானோவில் முன்பணம் கொடுத்தவர் பட்டியல். தமிழ்ப் பார்வையாளருக்கு அந்தப் பக்கத்தின் இரண்டு மூன்று வரியைத் தமிழாக்கி, பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். பழைய அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும் என்பதை முதல் பெட்டியிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் தாங்களே வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

விளக்க அட்டை 60 சொல்லைத் தாண்டக்கூடாது. முதல் வாக்கியம் கண்ணெதிரே தெரிவதைப் பற்றி இருக்கட்டும்: 'இந்தப் பக்கத்தின் நடுவில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள்.' உறுதியில்லாத எண்களைத் தவிருங்கள். 'காமன் சென்ஸ்' மூன்றே மாதத்தில் 1,20,000 பிரதி விற்றது என்பது பெயின் சொன்ன கணக்கு, இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அட்டையில் அதைப் போட்டால் இதையும் சேர்த்துப் போடுங்கள். நகல் வைத்தால் 'நகல்' என்று தெளிவாக எழுதுங்கள். ஹைட்டிப் பிரகடனத்துக்கு நகலைத் தவிர வேறு வழியே இல்லை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி வெளிச்சம். தாளில் விழும் ஒளி 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும், செல்போனில் இறக்கும் செயலியைவிடச் சிறு ஒளிமானி ஒன்று வாடகைக்கு எடுப்பது மேல். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஜன்னலுக்கும் கண்ணாடிக்கும். நேர் வெயில் அறவே ஆகாது. ஒரே பக்கத்தைத் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. மை மங்கினால் திரும்ப வராது. ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்க அனுமதி வேண்டாம்.

நூலை மல்லாக்கப் பிளந்து வைத்தால் முதுகு உடையும். இறுகக் கட்டிய நூல் 90 டிகிரிக்கு மேல் திறக்க மறுக்கும், கட்டாயப்படுத்தக் கூடாது. அந்தக் கோணத்துக்கு ஏற்ப அமிலமற்ற கெட்டி அட்டையில் தொட்டில் போன்ற தாங்கியை நீங்களே வெட்டிச் செய்யலாம். பக்கத்தைப் பிடித்து வைக்க ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் பட்டையை இறுக்காமல் சுற்றுங்கள். ரப்பர் பேண்டு, கிளிப், ஊசி எதுவும் நூலைத் தொடக்கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பெட்டி, ஒட்டுப்பலகைப் பெட்டி இரண்டும் அமில ஆவியைக் கக்கும். பெயிண்ட் அடித்தால் குறைந்தது மூன்று நான்கு வாரம் திறந்து காய வையுங்கள். பெட்டிக்குள் விளக்கு வைக்காதீர்கள், சூடு ஏறும். அடியில் மறைவாகச் சிலிக்கா ஜெல் தட்டு ஒன்று.

மற்றவரிடம் இரவல் வாங்கும் நூலுக்கு ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும்: எத்தனை நாள், யார் கொண்டுவருவது, எவ்வளவுக்குக் காப்பீடு, எந்தக் கோணத்தில் திறக்கலாம். வரும்போதும் போகும்போதும் இருதரப்பும் சேர்ந்து நிலையைச் சோதித்துப் படத்தோடு கையெழுத்திட வேண்டும்.

படி 8: பெட்டிகளை மூடிய பிறகு

கழற்றும் வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அவசரத்தில்தான் தாள் கிழியும். ஒவ்வொரு நூலையும் பழைய படத்தோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் எத்தனை நாள், எத்தனை லக்ஸில், எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று எழுதுங்கள். அடுத்த முறை வேறு பக்கம்.

விளக்க அட்டைகளையும் படங்களையும் தொகுத்து 40 பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை நூல் அச்சிடுங்கள். பாரக் கணக்கு, பழைய உரிமையாளர் பெயர்கள், ஓரக் குறிப்புகளின் முழுப் பாடம் எல்லாம் அதில் வரட்டும். கண்காட்சிக்கு வராத ஆய்வாளருக்குப் பயன்படுவது அதுதான். ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும் ஒன்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு இந்தச் சேகரிப்பு பிரியாமல் இருக்க வேண்டுமா, அல்லது விற்று இன்னொரு சேகரிப்பாளரிடம் போகலாமா என்பதையும் எழுதி, பதிவேட்டின் முதல் பக்கத்தில் வைத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.